எழுவாய் எங்கே?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இதைப் படித்தால் அவர் முதலில் சிவப்புக் கோடு போடக்கூடிய இடமும் அதுதான். ஒடென்சே நகரில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர். யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். டென்மார்க்கில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் நின்றவர். இடது கையில் இரும்புவலைக் கையுறை, வலது கையில் ஒடுங்கிய கத்தி. வகுப்பிலும் வரிசையிலும் அவருக்கு ஒரே முகம் என்று இரண்டையும் கண்டவர்கள் சொன்னார்கள். நான் வகுப்பை மட்டும் கண்டேன். எனக்கு அந்த இரத்தமே போதுமாக இருந்தது.

நான் நகரசபையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். நகரசபையை இங்கே நாங்கள் கொம்யூன் என்போம். எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவு, கதவு திறக்காவிட்டால் எந்த மாடியில் முறையிடுவது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ரீச்சர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கொம்யூன்காரர்" என்பார். பாராட்டாகச் சொன்னார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அறையை முறைப்படி எடுத்துக் கொடுத்தவன் என்ற உரிமையில் நான் கடைசிக் கதிரையில் இருந்து கேட்பேன். பெற்றோர் எதிர்பார்த்தது சோதனைக்கு வேண்டிய இலக்கணம். ரீச்சர் கொடுத்தது ஆங்கில எழுத்தாளர்களின் வாழ்க்கை. அதிலும் கத்தி வரும் பக்கங்கள்.

ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை கைநூலைப் பார்த்து வாசித்தாள். பழைய நாடகாசிரியர் ஒருவர், முப்பது வயதைக் காணாதவர், மதுக்கடைச் சண்டையில் கொல்லப்பட்டார் என்று அதில் இருந்தது.

"எழுவாய் எங்கே?" என்றார் ரீச்சர்.

"அவர்தான்."

"அவர் செத்த ஆள். செத்தவனை எழுவாயாக்கிப்போட்டுச் செய்தவன் வீட்டுக்குப் போயிட்டான். ஆத்தங்கரையில ஒரு வீடு. உள்ளுக்கு நாலு பேர். விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் ஒண்டாச் சாப்பிட்டவை, ஒண்டா உலாவினவை. பிறகு ஒருத்தன் மற்றவன்ர கண்ணுக்கு மேல கத்தியை இறக்கினவன். அவனுக்கு ஒரு பேர் இருக்கு. அவனுக்கு அரசி மன்னிப்பும் குடுத்தவ. அந்தப் பேரைச் சொல்லாமல் அந்தச் சாவைச் சொல்லேலாது."

பிள்ளைகள் உடனே டேனிஷில் அந்தப் பெயரைக் கேட்டு ஆரவாரித்தார்கள். ரீச்சர் கரும்பலகையில் கொலைகாரனின் பெயரை எழுதினார். அந்த வகுப்பில் படித்தவர்கள் நாடகாசிரியரின் ஒரு வரியும் தெரியாமல் வளர்ந்தார்கள். குத்தியவனின் பெயரை இன்றைக்கும் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு நாடகாசிரியரின் கதை. அவர் ஒரு நடிகனை வாளால் குத்திக் கொன்றார். தூக்குத்தான் தண்டனை. ஆனால் அந்தக் காலத்து விதிப்படி, லத்தீனில் வேதவசனம் வாசிக்கத் தெரிந்தவனை முதல் தரம் தூக்கக்கூடாது. வாசித்தார். பெருவிரலில் சூடு வைத்து விட்டுவிட்டார்கள். விதிமுறை தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கொம்யூனில் கண்டதில்லை. ரீச்சரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு அவன் தப்பினதுதான் பிடிச்சிருக்கு," என்றார். "எனக்கு அந்தச் சூடு பிடிச்சிருக்கு. அவன் ஒவ்வொரு முறை பேனையைப் பிடிக்கேக்கையும் 'நான் செய்தது' எண்டு அது சொல்லியிருக்கும்."

பரமண்ணையின் மகளுடைய பிறந்தநாளுக்கு ரீச்சரை அழைத்தது அவருடைய பிழை. பரமண்ணை பஸ் ஓட்டுபவர், எங்கள் சங்கத்தின் தலைவர். ஊரில் போராளி இயக்கத்தில் இருந்த அவருடைய தம்பி களத்தில் இறந்தவர். அந்தத் தம்பியின் படம் கூடத்தில் மாலையோடு தொங்கும். கேக்கைக் கொண்டுவந்து வைத்தபோது யாரோ பிள்ளைக்குப் பரிசாக ஒரு பழைய கதைப்புத்தகத்தைக் கொடுத்தார்கள். பெரிய நாடகங்களைச் சிறுவருக்காகச் சுருக்கி அக்காவும் தம்பியுமாக எழுதியது. ஊரில் நாங்களும் அதைத்தான் படித்தோம்.

"இதை எழுதின அக்காதான் தாயைக் குத்திக் கொன்றவ," என்றார் ரீச்சர். "சமையல் மேசைக் கத்தியால. தம்பிதான் ஓடிவந்து கையில இருந்து கத்தியைப் பறிச்சவன்."

கையில் கத்தியோடு நின்ற பிறந்தநாள் பிள்ளை தாயைப் பார்த்தது.

"ரீச்சர், முதல் கேக்கை வெட்ட விடுங்கோவன்," என்றார் பரமண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

"வெட்டட்டும். நான் ஆரையும் மறிக்கேல்லை. இந்தப் புத்தகத்தின்ர முன்னுரையில 'குடும்பத்தில் ஏற்பட்ட துயரம்' எண்டு கிடக்கு. துயரம் தானா ஏற்படாது, பரமன். ஏற்படுத்த ஒரு கை வேணும்."

இந்தப் பிடிவாதத்தை மற்றவர்கள்மேல் மட்டும் ஏவியவர் என்றால் நானும் அவரைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். தொழிற்சாலையில் ஒரு நாள் பக்கத்தில் நின்ற டேனிஷ்காரரின் முன்கையில் அவருடைய கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. மேற்பார்வையாளர் வழமைப்படி 'கை வெட்டுப்பட்டது' என்று எழுதினார். ரீச்சர் அந்தத் தாளோடு என்னிடம் வந்தார்.

"இது குற்றவாளியைத் தேடுகிற தாள் இல்லை, ரீச்சர்," என்றேன். "காயம் எங்கே, எவ்வளவு ஆழம். அதைத்தான் கேப்பினம்."

"கத்தி ஆற்ர கையில இருந்தது எண்டு கேக்கமாட்டினமோ?"

"மாட்டினம்."

"நல்ல நாடு," என்றவர், ஓரத்தில் டேனிஷில் எழுதினார்: நான் வெட்டினேன். மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்பார்வையாளர் தாளைத் திருப்பி அனுப்பினார். டேனிஷ் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டினால் செய்தவன் மறைந்துவிடுவான். தொழிற்சாலைச் சுவரெல்லாம் அந்த 'ஸ்' தான்: பன்றிகள் மயக்கப்படுகின்றன, குத்தப்படுகின்றன, கைகள் கழுவப்படுகின்றன. மேற்பார்வையாளர் ரீச்சரின் வசனத்துக்கும் அந்த வாலைக் கேட்டார். ரீச்சர் மறுத்துவிட்டார். "ஒரு எழுத்தில ஆளை மறைக்கிற மொழி," என்று என்னிடம் வியந்தார். "எங்களுக்குப் 'படு' எண்டு ரெண்டு எழுத்து வேணும்."

வெட்டு வாங்கியவர் கட்டுப்போட்ட கையோடு வந்து, இத்தனை வருட வேலையில் என்னை வெட்டியதாகச் சொன்ன முதல் ஆள் நீதான் என்று இடது கையைக் கொடுத்தாராம்.

ரீச்சருக்கு இருந்த ஒரே சொந்தம் வன்னியில் வாத்தியாராக இருந்த தம்பி. மனைவி, ஒரு மகள். போரின் கடைசி மாதங்களில் அவர்கள் கடற்கரையோரத் துண்டு நிலத்துக்குள் தள்ளப்பட்டிருந்தார்கள். தைமாதத்துக்குப் பிறகு தொலைபேசி இல்லை. ரீச்சர் வரிசையில் நின்று எலும்பு பிரித்தார். சனிக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குச் சொன்னது அரசன் தலைவாங்கிய ஒரு கவிஞனைப் பற்றி. வெட்டிய தலையைப் பெண்சாதி சிவப்புத் தோல்பைக்குள் வைத்துக் கடைசிவரை பாதுகாத்தாளாம். "அவளுக்குத் தலையாவது கிடைச்சுது," என்று ஒரு தரம் சொன்னார்.

கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் வைத்தோம். டென்மார்க்கில் அதற்கு அனுமதி தேவையில்லை, பொலிசுக்கு அறிவித்தால் போதும். அறிவித்தவன் நான். பதாகைகளில் 'தமிழர்கள் கொல்லப்படுகிறார்கள்' என்று டேனிஷில் எழுதியிருந்தார்கள், வாலில் 'ஸ்' உடன். ரீச்சர் தடித்த பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு, 'அரசாங்கத்தின் ஆமி தமிழர்களைக் கொல்கிறது' என்று எழுதினார்.

"இதுதான் ரீச்சர்!" என்று பரமண்ணை கத்தினார். அந்தப் பதாகையை அவரே முன்னுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு எங்கள் ஆட்கள் அனைவரும் அவருடைய இலக்கணத்தை விரும்பினார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ரீச்சருக்குப் பக்கத்தில் கோல்டிங்கைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார். கோல்டிங் அக்கா என்போம். கடைசி மகன் வன்னியில் தங்கிவிட்டான். தைமாதத்தில், பதினேழு வயதில், இயக்கம் அவனைக் களத்துக்குப் பிடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு செய்தி இல்லை. மடியில் அவனுடைய பள்ளிக்கூடப் படம். வழி முழுக்க இரண்டு பெண்களும் ஒரு போத்தல் தண்ணீரை மாறி மாறிக் குடித்தார்கள்.

போர் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, வகுப்பு கலைந்து நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ரீச்சரின் தொலைபேசி அடித்தது. இரைச்சலில் கேட்கவில்லை என்று சத்தத்தை வெளியே விட்டார். தம்பியின் மகள். முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்து.

"மாமி, நான் இருக்கிறன். ஆற்றையோ போன். கெதியாச் சொல்லுறன். அம்மா ஷெல் பட்டு..."

"ஆற்ர ஷெல்?"

"மாமி!"

"ஆற்ர ஷெல், பிள்ளை?"

"ஆமியின்ர. பங்கர் வாசலில விழுந்தது."

"அப்பா?"

"சண்டை முடியிறதுக்கு முந்தின கிழமை தண்ணிக்குள்ள இறங்கினனாங்கள், மாமி. ஆமியின்ர பக்கம் போக. நெஞ்சளவு தண்ணி. அப்பாவுக்குச் சூடு பட்டது."

"எந்தப் பக்கத்தால?"

அந்த நாட்களில் இந்தக் கேள்வியின் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நீரேரியைக் கடந்தவர்களுக்கு முன்னால் இராணுவம். பின்னால், ஒருவரையும் போகவிடாதே என்று நிறுத்திவைக்கப்பட்ட எங்கள் இயக்கத்துப் பெடியன்கள். நிறுத்திவைக்கப்பட்ட. ரீச்சர் மன்னிக்க வேண்டும்.

"பின்னால," என்றாள்.

"ஆர்?"

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். "என்னோட படிச்சவன், மாமி. அப்பாட்டையும் படிச்சவன். கோல்டிங்கில இருக்கிற அன்ரியின்ர கடைசி மகன். முதல் வானத்தைப் பாத்துத்தான் சுட்டவன். 'திரும்பி வாங்கோ மாஸ்டர், திரும்பி வாங்கோ' எண்டு கத்திக் கத்தி அழுதவன். அப்பா நிக்கேல்லை. பிறகு சுட்டவன்."

"அவன் எங்கே இப்ப?"

"தெரியாது. நான் திரும்பிப் பாக்கேல்லை."

தொடர்பு அறுந்தது. ரீச்சர் கரும்பலகையைத் துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி அஞ்சலி நோட்டீசு அடிக்க வேண்டும், மண்டபம் எடுக்க வேண்டும். மண்டபத்துக்கு நான். நோட்டீசுக்குப் பரமண்ணை. ரீச்சர் இரண்டு வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். முதலாவதில் இராணுவம் எழுவாய். இரண்டாவதில் அந்தப் பெடியன், பெயரோடு. பரமண்ணை தாளோடு ரீச்சரின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ரீச்சர், 'வன்னிப் போரில் சாவடைந்தனர்' எண்டு போடுவம். ரெண்டு பேருக்கும் பொதுவா."

"பொதுவா ஒருத்தரும் சாகேல்லை, பரமன். அவளைக் கொன்றது ஒரு ஆள். அவனைக் கொன்றது இன்னொரு ஆள். ரெண்டு பேரையும் ஒரு வினைச்சொல்லுக்குள்ள புதைக்காதையும்."

"மற்றதை நான் அடிக்கமாட்டன். உதுக்கோ என்ர தம்பி செத்தவன்?"

"உம்மட தம்பியை ஆர் கொன்றது எண்டு நோட்டீசில போட்டனீர். வசனத்தைத் திருத்தித் தந்தது நான்."

"அது எதிரி!"

"அதுக்கு இலக்கணம் வேறயோ?"

பரமண்ணை எழும்பினார். "அந்தப் பெடியனுக்குத் தாய் ஒருத்தி இருக்கிறா. உங்களோட பஸ்ஸில வந்தவ. அவவைக் கொல்லப்போறியளோ?"

ரீச்சர் மெல்லச் சொன்னார்: "அவன்ர பேரைச் சொல்லாட்டில் என்ர தம்பியைத் தண்ணி சுட்டதெண்டு ஆகும்."

"உங்களுக்கு ஆள் செத்தது பெரிசில்லை," என்றார் பரமண்ணை. "வசனம் பிழைச்சதுதான் பெரிசு." மேசையை உதைத்தார். தேத்தண்ணிக் கோப்பைகள் சுவரில் போய் உடைந்தன. அவர் போன பிறகு ரீச்சர் கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார். உதையை விட அந்தச் சொல்தான் பட்டிருந்தது.

எனக்கும் ஒரு வாதம் இருந்தது. "ரீச்சர், தாயைக் குத்தின அக்காவைப் பற்றி அந்தத் தம்பி வெளியில ஒரு வரி எழுதேல்லையே. ஒளிச்சுத்தானே வைச்சவன்?"

"ஊருக்கு ஒளிச்சவன். வீட்டில ரெண்டு பேருக்கும் தெரியும். அக்காவுக்குத் திரும்பப் பைத்தியம் வரப்போகுது எண்டால் ரெண்டு பேரும் அழுதழுது கையைப் பிடிச்சுக்கொண்டு பைத்தியக்கார ஆசுப்பத்திரிக்கு நடப்பினமாம். ஆரெண்டு தெரிஞ்சுகொண்டுதான் அவன் அந்தக் கையைப் பிடிச்சவன், கொம்யூன்காரர். தெரியாமப் பிடிச்சிருந்தால் அதில என்ன கிடக்கு?"

அடுத்த நாள் பகலில் அவருடைய யன்னலுக்குள்ளால் ஒரு கல் வந்தது. தொலைபேசியில் தூஷணம் வந்தது. நாக்கை அறுப்போம் என்றார்கள். தொழில்முறையில் நாக்குகளை அறிந்தவர் என்பதால் அதற்கு அவர் பெரிதாகக் கலங்கவில்லை. பொலிசுக்கு நான்தான் அழைத்துப் போனேன். யார் மேலாவது சந்தேகமா என்று பொலிஸ்காரர் கேட்டார். எனக்கு மூன்று பெயர்கள் வாயில் இருந்தன.

"நான் காணேல்லை," என்றார் ரீச்சர். "காணாத கைக்குப் பேர் வைக்கமாட்டன்."

நோட்டீசு இல்லாமலே அஞ்சலி நடந்தது, தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபத்தில். பெரிய கூட்டம். கதை பரவியிருந்தது, பெயர் மட்டும் பரவவில்லை. கோல்டிங் அக்காவும் வந்திருந்தார். அந்த வாரங்களில் யார் வீட்டு அஞ்சலி என்றாலும் அவர் வருவார். யாராவது ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. ரீச்சர் அவரைக் கண்டார். நேராக அவரிடம் நடந்து போனார். மெல்லிய குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாதிரியார் ஜெபத்துக்கு எழுப்பிவிட்டார், எல்லோரும் எழும்பினோம்.

ஜெபம் முடிந்து ரீச்சரைப் பேச அழைத்தார்கள். வெள்ளைச் சேலை. ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என்ர தம்பியின்ர மனுசியை அரசாங்கத்தின்ர ஆமி ஷெல் அடிச்சுக் கொன்றது," என்றார். மண்டபம் தலையாட்டியது.

"என்ர தம்பியை..." என்று தொடங்கிப் பெடியனுடைய பெயரைச் சொன்னார், முழுப் பெயரையும், ஊரோடு. "அவன் பின்னால நிண்டு சுட்டவன். அவன் அழுதவன். அழுதுகொண்டு சுட்டவன்."

பரமண்ணை பாய்ந்து ஒலிவாங்கியைப் பறித்து அதனாலேயே ரீச்சரின் வாயில் அடித்தார். பல்லில் உலோகம் பட்ட சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. மேலுதடு பிளந்து இரத்தம் சேலையில் இறங்கியது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது யாரோ கதிரையைத் தூக்கிப் பரமண்ணையின் முதுகில் போட்டான். அவனை இன்னொருவன் நெஞ்சில் உதைத்தான். பெண்கள் குழறினார்கள். ஒருத்தன் மற்றவனுடைய தலையைச் சுவரோடு இடித்துக்கொண்டிருந்தான். இருவரும் மாமன் மருமகன் முறையானவர்கள். நான் பொலிசை அழைத்தேன். முகவரி, காயப்பட்டோர், ஆயுதம் உண்டா, ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

அப்போது முன்வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். கோல்டிங் அக்கா நடந்து வந்துகொண்டிருந்தார். இவரும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். பரமண்ணையும் அப்படி நினைத்திருக்க வேண்டும். கையை இறக்கி வழிவிட்டார்.

அக்கா ரீச்சரின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"ரீச்சர், இது எப்ப நடந்தது?"

"சண்டை முடியிறதுக்கு முந்தின கிழமை."

"முந்தின கிழமையோ?" என்றார் அக்கா. "அப்ப வைகாசியிலயும் என்ர பிள்ளை உயிரோட இருந்திருக்கிறான்."

அக்கா பிடித்த தோள்களை உலுக்கினார்.

"நிண்டோ சுட்டவன்? காலில ஒண்டும் இல்லையோ? ரெண்டு காலாலயும் நிண்டவனோ?"

"நிண்டவன்," என்றார் ரீச்சர், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

"கத்தினவன் எண்டும் சொல்லுகினம். கேட்டவையோ? தண்ணிக்குள்ள நிண்டவைக்கும் கேட்டதோ?"

"கேட்டது. மாஸ்டரைத் திரும்பி வரச் சொல்லிக் கத்தினவன்."

"அவனுக்குச் சத்தம் பெரிசு," என்றார் தாய். சொல்லும்போதே மேடையின் விளிம்பில் இருந்துவிட்டார். "நீங்கள் அவனுக்கு என்னவும் சொல்லுங்கோ, ரீச்சர். நான் கேக்கிறன். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அஞ்சு மாசமா எல்லாரும் 'தெரியாது, தெரியாது' எண்டுதான் சொல்லுகினம்."

வெளியே பொலிஸ் வண்டியின் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. ரீச்சர் மேடை விளிம்பில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, வாயில் ஊறிய இரத்தத்தைக் கைக்குட்டையில் துப்பினார்.

"முதலில இருந்து சொல்லுறன்," என்றார். அவன் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.